பாண் ஓட்டோவும் எங்கட கறுப்பனும்

எங்கட நாய்க்குட்டி கறுப்பன் வந்து ரெண்டு கிழமை, இப்ப அவனுக்குப் பத்துக் கிழமை வயசு. குட்டியள் 3 கிழமையில இருந்து 12, 14 கிழமைக்குள்ள காணுறது கேக்கிறதுக்குத்தான் லேசாப் பழகுங்கள், ஆனா ஊசியள் முடிய 16 கிழமையாவது ஆகும், அதுக்குள்ள றோட்டில இறக்கி விட்டா பார்வோ எண்ட வைரஸ் வருத்தம் தொத்திடும் எண்ட பயம், அதால நான் அவனைக் கடகத்துக்குள்ள பழைய சாரம் விரிச்சு வைச்சுத் தூக்கிக்கொண்டு திரியிறன். அம்மாவுக்கு ஒரே நக்கல், "மாப்பிள்ளை ஊர்வலம் வெளிக்கிட்டிட்டுதோ?"

திருநெல்வேலிச் சந்தையடி, ஹெல்மெட் போட்ட ஆக்கள், பள்ளிக்கூடப் பெடியள் எல்லாம் ஓகே. பாண் வித்துக்கொண்டு வாற ஓட்டோவில போடுற பாட்டுத்தான் பிரச்சினை. முதல்நாள் என்ர கக்கத்துக்குள்ள தலையைப் புதைச்சு, சேட்டையும் நனைச்சுப்போட்டான். இப்ப பாட்டு தூரத்தில கேக்கேக்கையே அவிச்ச கோழி ஒரு துண்டு குடுப்பன், வெருண்டா இன்னும் தள்ளிப் போயிடுவன், கிட்டக் கொண்டுபோய்ப் பழக்கிறது சரியான விசர் வேலை. நேற்று பாட்டுக் கேட்டவுடன என்ர கையைத்தான் பாத்தான், ஓட்டோவைத் திரும்பியும் பாக்கேல்ல. இனி வெடிச்சத்தம் இருக்கு.