நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடு தொடாது என்று யார் சொன்னது?

எங்கள் பக்கத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு இல்லாத வாய்க்கால் கிடையாது. வீராணத்துத் தண்ணீர் பாயும் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் வடிகால், குட்டை, களத்து ஓரம் என்று எங்கே பார்த்தாலும் அந்த இளம் ஊதாப் பூதான். தென் அமெரிக்கச் செடி. ஒரு துண்டுக் குச்சி ஈரத்தில் விழுந்தால் போதும், வேர் பிடித்துவிடும். ஆடு மாடு வாய் வைக்காது என்றுதான் வேலிக்கு நட்டார்கள். பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு இன்றும் அதே காரணத்துக்காகத்தான் இந்த இலையைப் பறிக்கிறோம்.

மழைக்காலத்தில் அந்த நம்பிக்கை சரி. மாசி, பங்குனியில் அதை நம்பக் கூடாது.

இங்கே சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுவோம். உளுந்து பிடுங்கும்வரை வயலில் ஆட்டை இறக்க முடியாது. மிஞ்சுவது வாய்க்கால் கரை. அங்கே புல் கருகின பிறகும் பச்சையாக நிற்பது இது ஒன்றுதான். பசியில் ஒரு ஆடு கடிக்கும். பழகிவிட்டால் நல்ல தழையை விட்டுவிட்டு இதையே தேடிப் போகும். கூட மேயும் ஆடும் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

சித்தப்பா பட்டியில் போன வருஷம் ஆடுகள் இளைக்க ஆரம்பித்தன. மயிர் சிலிர்த்து மினுமினுப்பு போயிற்று. குடற்புழு மருந்து ஊற்றினார், தேறவில்லை. ஒரு தாயாட்டுக்கு வேப்பந்தழையை நீட்டினேன். சும்மா நிற்கும்போது தெரியாத நடுக்கம், வாய் தழையை நெருங்க நெருங்கக் கூடியது. இலையைக் கவ்வ முடியாமல் தலை இடமும் வலமும் ஆடியது. பின்னங்கால்களை அகட்டி வைத்தால்தான் அதனால் நிற்க முடிந்தது. "மூளையில பூச்சி, வந்த விலைக்கு வித்துடு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கால்நடை டாக்டர் வந்து அதன் முகவாயைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு கையை எடுத்தார். ஆடு பின்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

"எங்க மேய்க்கிறீங்க?"

"வாய்க்கா கரையிலதான் சார். காட்டாமணக்க தொடாதுங்களே."

"நாளைக்குக் கூடவே நின்னு பாருங்க."

மறுநாள் சித்தப்பா கூடவே போனார். அந்த ஆடு நேராகச் செடிக்குப் போய் இலையை உருவியது, உதட்டில் வெள்ளையாகப் பால் ஒழுகியது.

நஞ்சின் பெயர் ஸ்வைன்சோனின். செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சைதான் அதைத் தயாரிக்கிறது. உடம்பின் செல்களில் சிலவகைச் சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடும். உடையாதது செல்லுக்குள்ளேயே சேரும். மூளை நரம்புகள் அப்படி ஊதிக் கெடுவதால்தான் நடுக்கமும் தள்ளாட்டமும். தின்ற அன்றே தெரிந்தால் காரணத்தைப் பிடித்துவிடலாம், இது நாள்பட வேலை செய்கிறது. சினை ஆடு குட்டி வீசும். மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் நிறுத்தினால் தேறும், நரம்பு செத்தபின் நிறுத்தினால் நடை திரும்பாது. சித்தப்பாவின் இளம் ஆடுகள் தேறின. அந்தத் தாயாடு இன்னும் கால் அகட்டித்தான் நடக்கிறது.

பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும், ஊருக்கே தெரியும். உன்னிச்செடி தின்றால் கண் மஞ்சளித்து, வெயிலில் தோல் வெந்துபோகும். அதையும் யாரும் கவனிக்காமல் விட மாட்டார்கள். காட்டாமணக்கில்தான் ஆடு மெலிவதைப் பார்த்துத் தீனி போதவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

எனக்குப் பெரிய ஆதங்கம், வாய்க்கால் சுத்தம் செய்கிறவர்கள் இதை வெட்டிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது. காய்ந்தாலும் நஞ்சு போகாது. தண்ணீரில் தள்ளிவிட்டால் ஒதுங்கின இடத்தில் முளைக்கும். வேரோடு தோண்டி, ஆடு எட்டாத இடத்தில் உலர்த்தி எரிக்க வேண்டும்.

இப்போது சித்தப்பா வெறும் வயிற்றோடு ஆட்டை ஓட்டுவதில்லை. அகத்தியோ பூவரசந்தழையோ ஒரு கட்டு தின்ற பிறகுதான் பட்டி திறக்கும். உளுந்தங்கொடியை எருக்குழிக்கு அனுப்பாமல் போர் போட்டு அடுத்த மாசிக்கு வைக்கிறார். எங்கள் மடையிலிருந்து பாலம்வரை ஒரு கரையைத் தோண்டியாகிவிட்டது. எதிர்க்கரை பாக்கி. வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குள் அதையும் முடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.