லாமோனியின் மந்தையும் ஓரியூர்ச் செம்மண்ணும்

மார்மன் சபையார் வேதமாக ஏற்கிற மார்மன் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஆல்மா 17, அதாவது அதற்குள் இருக்கும் ஆல்மா என்ற பகுதியின் 17ஆம் அதிகாரம். ஆல்மா என்கிற குரு கிதியோனிலிருந்து மாந்திக்குப் போகும் வழியில் மோசியா ராஜாவின் மகன்களைச் சந்திக்கிறான். உடனே கதை பதினான்கு வருஷம் பின்னால் போய்விடும். அதே சந்திப்பு 27ஆம் அதிகாரத்தில் மறுபடி வரும், இரண்டும் ஒன்றுதான். அம்மோனிகா நகரம் 16இல் அழிகிறது, அந்தப் படை ஏன் வந்தது என்பது 25இல்தான் தெரியவரும். அதற்கு முந்தைய பகுதியான மோசியாவில் 28ஆம் அதிகாரத்தை முடித்த கையோடு ஆல்மா 17 முதல் 27 வரை படித்துவிட்டு, அப்புறம் ஆல்மா 1க்குத் திரும்பினால் சிக்கல் தீரும்.

அடுத்த சிக்கல் பெயர். அம்மோன் இரண்டு பேர். ஒருவன் சாரகெம்லாவின் வம்சத்தான், 16 பேர் கூட்டத்துக்குத் தலைவன், 40 நாள் அலைந்து லிம்கி ராஜாவிடம் போய்ச் சேர்ந்தவன். மற்றவன் மோசியாவின் மகன், நேபியர் என்கிற தன் ஜனத்தை விட்டு, அவர்களுக்குப் பகையான லாமானியரிடம் உபதேசிக்கப் போனவன், அங்கே லாமோனி என்கிற ராஜாவிடம் வேலைக்காரனாகச் சேர்ந்தவன். இருவரையும் கட்டி இழுத்து ராஜா முன்னால் நிறுத்துகிறார்கள். குழம்பாமல் என்ன செய்யும்? லாமோனியின் தகப்பனுக்கோ பெயரே கிடையாது, கடைசிவரை 'கிழ ராஜா'தான்.

இனி மந்தைக் காட்சி. ஆட்டுக் கிடை போடும் கீதாரிகளைப் பார்த்து வளர்ந்த இராமநாதபுரத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்மாய்க் கரையில் இரண்டு மந்தை ஒரே நேரம் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியும். லாமோனியின் மந்தை தண்ணீர் குடிக்க வரும் சீபஸ் என்ற நீர்நிலையிலும் அதேதான்: இன்னொரு கூட்டம் வேண்டுமென்றே மந்தையைக் கலைக்கிறது. முன்பு இப்படி மந்தையைப் பறிகொடுத்த வேலைக்காரர்களை ராஜா கொன்றிருக்கிறான். அதனால் மற்றவர்கள் அழுகிறார்கள். அம்மோன் முதலில் சண்டைக்குப் போகவில்லை. ஓடிப்போய்க் கலைந்ததைத் திருப்பித் தண்ணீருக்கே கொண்டுவருகிறான். பிறகு கூட்டாளிகளை மந்தையைச் சுற்றி நிறுத்துகிறான். அதற்கப்புறம்தான் கவண். கவண் கல்லில் ஆறு பேர், வாளால் ஒருவன், அவர்கள் தலைவன் மட்டும். ஓங்கிய கைகளை வெட்டினான். அந்தக் கைகளைத்தான் வேலைக்காரர்கள் சாட்சியாக அரண்மனைக்குத் தூக்கிப்போகிறார்கள். அம்மோனோ அந்நேரம் லாயத்தில் ராஜாவின் குதிரைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிறான்! இதைக் கேட்டுத்தான் லாமோனி ஆடிப்போகிறான், வெட்டுண்ட கைகளைவிட.

ஆனால் எல்லாம் அதற்கு மூன்று நாள் முன்பே முடிவாகிவிட்டது. வந்த அன்றே லாமோனி தன் மகள்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். அம்மோன் வேண்டாம், வேலைக்காரனாக இருக்கிறேன் என்கிறான். அரண்மனையில் சம்பந்தம் வைத்திருந்தால் மருமகனாகியிருப்பான், பிரசங்கி ஆகியிருக்க மாட்டான்.

இந்தக் கரையில் இது தலைகீழாக நடந்தது. அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரிடம் உபதேசம் பெற்ற மறவர் தலைவர் தடியத் தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரத்து ராஜா கிழவன் சேதுபதிக்கு உறவு. விவகாரம் அரண்மனை ஏறியது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் பாதிரியாரின் தலை விழுந்தது. அந்தச் செம்மண்ணை இன்றும் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். ஒன்று மார்மன்கள் வேதமாக ஏற்கிற, 1830இல் அச்சான நூலின் கதை. மற்றது நம் ஊர்ச் சரித்திரம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனாலும் இரண்டிலும் உபதேசம் அரண்மனைப் பெண்ணின் கல்யாண விஷயத்தில்தான் வந்து முட்டுகிறது.

மறுபடி மார்மன் கதைக்கு வருவோம். லாமோனியின் தகப்பனான கிழ ராஜா மனம் மாறியபின் ஏழு ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். அந்தி-நேபி-லேகியர் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, இனி ரத்தம் சிந்துவதில்லை என்று சத்தியம் பண்ணி ஆயுதங்களை ஆழமாகப் புதைத்தார்கள். மனம் மாறாத லாமானியர் படையெடுத்து வந்தபோது கையை ஓங்காமல் 1005 பேர் செத்தார்கள். அதைப் பார்த்து மனம் உடைந்து அன்று சேர்ந்துகொண்டவர்கள் அதற்கும் மேல். பிற்பாடு நேபியர் கிழக்கே கடலோரம் ஜெர்சோன் நிலத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக இவர்கள் விளைச்சலிலும் உடைமையிலும் ஒரு பங்கைப் படைக்குக் கொடுக்க வேண்டும். போருக்கு வர வேண்டியதில்லை. போர் முற்றியபோது தகப்பன்மார் சத்தியத்தை மீறத் துணிந்தார்கள், ஆல்மாவின் மகன் ஏலமன் தடுத்துவிட்டான். சத்தியம் பண்ணாத பிள்ளைகள் 2000 பேர் போனார்கள், பிறகு இன்னும் 60 பேர்.