அப்பாவின் புல்லட்டுக்கு ஹெட் போர்ட்டிங்: வேலை நடந்த நாட்கள்

04-05-2024, சனி

கத்திரி இன்றுதான் ஆரம்பம், நானும் இன்றுதான் அப்பாவின் 1986 புல்லட் 350-இன் ஹெட்டைக் கழற்றினேன். ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி. காற்றும் புகையும் போய்வரும் வழிகளான போர்ட்டுகள் அதில்தான் இருக்கின்றன, அவற்றைச் செதுக்கிச் சீராக்குவதுதான் போர்ட்டிங். அதற்கு முன்னால் ஒரு வேலையை முடித்து வைத்திருந்தேன். போன ஞாயிறு விடியற்காலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய், தம்பியைப் பின்னால் உட்காரவைத்து, நாலாவது கியரில் 50-இலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் எடுத்தோம். ஐந்து முறை ஓட்டியதில் சராசரி 14.2 நொடி. இந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால் கடைசியில் மனசு சொல்வதைத்தான் நம்பவேண்டியிருக்கும், அவ்வளவு நாள் உழைத்தபின் மனசு நல்லதாகத்தான் சொல்லும்.

காற்று உள்ளே போகும் இன்லெட் போர்ட்டுக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். வார்ப்பின் கோடு ஒன்று நீளமாக ஓடுகிறது. வால்வு உட்கார்ந்து மூடும் இடமான சீட்டுக்குக் கீழே, சீட் வளையமும் அலுமினியமும் சேரும் இடத்தில், நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி இருக்கிறது. வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடைச் சுற்றி ஒரு கொழுத்த மேடு. காற்றுக்கு இந்த மூன்றுமே தடைதான்.

05-05-2024, ஞாயிறு

நல்ல ஹெட்டில் நேராகக் கை வைக்க தைரியம் வரவில்லை. புதுப்பேட்டையில் வாங்கி வைத்திருந்த, ஃபின் உடைந்த பழைய ஹெட் ஒன்றில் பழகினேன். முதலில் இரும்புக்கான நெருக்கமான பல் வைத்த பர்ரை (சுழன்று செதுக்கும் முனை) போட்டேன், அரை நிமிடத்தில் அலுமினியம் பல்லுக்குள் அப்பிக்கொண்டது. அலுமினியத்துக்கென்று அகலப் பல் வைத்த கார்பைடு பர் வேண்டும், அதையும் அவ்வப்போது மெழுகுவர்த்தியில் தேய்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

மதியம் பர் துள்ளிப்போய் சீட்டின் மேல் ஒரு கீறல் போட்டுவிட்டது. பழைய ஹெட் என்பதால் பிழைத்தேன். அப்புறம்தான் வேலையின் வரிசை பிடிபட்டது. போர்ட் பக்கமிருந்து வெட்டும்போது ஒரு பழைய வால்வை சீட்டில் உட்காரவைத்துவிட வேண்டும், அது சீட்டைக் காக்கும். சீட் வெட்டுவதை போர்ட்டிங்குக்கு முன்னால் செய்யக் கூடாது, அதற்குப் பிறகுதான்.

11-05-2024, சனி

போர்ட்டிங் என்றதும் போர்ட்டைப் பெரிதாக்குவது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் காகிதத்தில் கணக்குப் போட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. சிலிண்டர் துளை 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. 4000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். அதே காற்று 24 மி.மீ. கார்புரேட்டர் துளைக்குள் போகும்போது நொடிக்குச் சுமார் 102 மீட்டர் வேகம் எடுக்கிறது. அங்கே 28 மி.மீ. வழி வைத்தால் அது 75 மீட்டராக இறங்கிவிடும். வேகம் இறங்கினால் பெட்ரோல் துளிகள் காற்றோடு சரியாகக் கலக்காது, இன்லெட் வால்வு மூடும் கடைசி நேரத்தில் தன் வேகத்தாலேயே சிலிண்டருக்குள் திணித்துக்கொண்டு போகிற காற்றும் குறையும். கீழ் ஆர்.பி.எம். இழுவைதான் புல்லட்டுக்கு உயிர். அதைக் கொன்றுவிட்டு 5500-க்கு மேலே ஏதோ கிடைத்து எனக்கு என்ன பயன்?

ஆகவே போர்ட்டின் நடுப்பகுதியைத் தொடவில்லை, வார்ப்புக் கோட்டை மட்டும் எடுத்தேன். வெட்டியதெல்லாம் சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியில்தான். படியை மழுங்கச் செய்து சரிவாக்கினேன். கைடு மேட்டின் இரண்டு பக்கங்களையும் மெலிதாக்கி, காற்று வரும் பக்கம் படகின் மூக்கு மாதிரி ஆக்கினேன். கைடுக்குப் பிடிப்பு வேண்டுமே, அதனால் மேட்டை முழுசாக எடுக்கவில்லை.

அதிக நேரம் பிடித்தது போர்ட் திரும்பும் இடத்தின் உள்வளைவு. வேகமாக வரும் தண்ணீர் வாய்க்கால் முனையில் திரும்பும்போது உள்கரையை விட்டு விலகிச் சுழிக்கும் அல்லவா, காற்றும் அப்படியேதான். அந்த வளைவின் கூர்மையை மட்டும் எமரி சுருளால் உருட்டினேன். அங்கே ஆழமாக வெட்டினால் வளைவு இன்னும் கூர்மையாகிவிடும், எடுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. பத்து தடவல், விரல் வைத்துப் பார்ப்பது, மறுபடி பத்து தடவல் என்றே மாலை போனது.

12-05-2024, ஞாயிறு

வீட்டு வேக்யூம் கிளீனர், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம், நடுவில் துளை போட்ட ஒரு தகடு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் இரண்டு. இவற்றை வைத்து காற்றோட்டம் அளக்கும் மேசை ஒன்று கட்டினேன். ஒரு ட்யூப்பில் ஹெட்டுக்குக் கீழே உள்ள இழுப்பு தெரியும், அதை எப்போதும் ஒரே அளவில் வைக்க வேண்டும். இன்னொன்று தகட்டின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைக் காட்டும். காற்றின் அளவு அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. போர்ட் வாயில் களிமண்ணால் உருண்டையான உதடு ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்த விளிம்பிலேயே முட்டிக்கொண்டு அளவு கெட்டுவிடும்.

ஹெட்டைக் கழற்றிய அன்று இதைக் கட்டியிருக்க வேண்டும். நல்லவேளை, பழகிய ஹெட்டில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும்தான் வெட்டியிருந்தேன், அதன் இன்லெட் போர்ட் இன்னும் பழையபடி இருக்கிறது. ஒரே வால்வை இரண்டிலும் மாற்றிப் போட்டு ஒப்பிட்டேன். 7 மி.மீ. திறப்பில் அதில் 86 மி.மீ. நீர் மட்டம், என் ஹெட்டில் 102. கணக்குப் பார்த்தால் சுமார் 9 சதவீதம் கூடுதல் காற்று. 2 மி.மீ. திறப்பில் வித்தியாசமே இல்லை. அது சரிதான், வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது சந்துதான் வழியை அடைக்கிறது, போர்ட் இல்லை. அந்த இடத்தில் ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் அது சீட் வேலையில்தான் கிடைக்கும்.

18-05-2024, சனி

அம்பத்தூரில் தெரிந்த அண்ணனின் லேத்துக்குப் போனேன். வால்வை ஆட்டிப் பார்த்த உடனே, "தம்பி, கைடு போயிருக்கு, இதை வச்சுக்கிட்டு சீட் வெட்டினா வட்டம் எங்கயோ போகும்" என்றார். சீட் கட்டர் கைடை மையமாக வைத்துத்தான் சுற்றும். முதலில் கைடு மாற்றி, பிறகு 45 பாகை சீட், அதற்கு மேல் 30, கீழே 60 என்று மூன்று கோணம் வெட்டினார். அந்த 60 என் கிண்ணத்தோடு சேரும் விளிம்பை வீட்டில் கையால் இழைத்துக்கொண்டேன்.

19-05-2024, ஞாயிறு

வால்வு லேப்பிங், அதாவது வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவது. பேஸ்ட்டைத் தொட்டு, முன்னும் பின்னும் சுழற்றி, சாம்பல் நிறத்தில் ஒரே அகலமான வளையம் வரும்வரை. பிறகு போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். இன்லெட் பக்கம் துளி இல்லை. எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தது, திரும்ப ஒருமுறை லேப் செய்த பிறகு நின்றது.

இன்லெட் உட்புறத்தைக் கண்ணாடியாக்கவில்லை, 80 எமரியின் சொரசொரப்போடு விட்டேன், பெட்ரோல் சுவரில் படலமாக ஒட்டாமல் இருக்க. எக்ஸாஸ்டை மட்டும் மெருகேற்றினேன், கார்பன் பிடிப்பது குறையும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய புது கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்து, கார்புரேட்டரும் போர்ட்டும் சேரும் இடத்தில் உதடு துருத்தாமல் பார்த்துக்கொண்டேன். எக்ஸாஸ்டில் பைப் போர்ட்டை விடக் கொஞ்சம் பெரிது. அந்தப் படியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், திரும்பி வரும் புகையை அது கொஞ்சம் தடுக்கும்.

26-05-2024, ஞாயிறு

மாட்டியாயிற்று. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட்டை வண்டி குளிர்ந்திருக்கும்போது வைத்தேன். இன்லெட் வால்வைத் திறக்கும் கம்பியான புஷ் ராடு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்டுக்கு மட்டும் ஒரு துளி இடைவெளி. நாலாவது உதையில் எடுத்தது. ஆனால் முழு த்ராட்டிலில் திணறல், பிளக்கைக் கழற்றினால் வெளுத்திருந்தது. காற்று கூடியிருக்கிறது, பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டினேன், பிளக் பழுப்புக்கு வந்தது.

02-06-2024, ஞாயிறு

அதே சாலை, அதே விடியற்காலை, பின்னால் அதே தம்பி. சராசரி 12.6 நொடி. இதில் புது கைடுக்கும் கசியாத வால்வுக்கும் எவ்வளவு, போர்ட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதைவிட முக்கியம், 40-இல் நாலாவது கியரில் த்ராட்டிலைத் திறந்தால் முன்பு போலவே சங்கிலியை உலுக்காமல் எடுக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியை வாங்கிக்கொண்டு பாடி மேம்பாலம் வரை ஒரு சுற்று போய் வந்தார். இறங்கி, அணைக்காமல் ஐட்லிங்கில் விட்டுவிட்டு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று கேட்டார். "சத்தம் மாறலப்பா," என்றார். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.