ஏரியல் ஏஸ் தவறாது, ஆனால் வீழ்த்துமா? போட்டிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு

நவம்பரில் பள்ளிப் பரீட்சை முடிந்ததும் மொரிஷியஸின் ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் பக்கத்துப் பிள்ளைகள் நிண்டெண்டோ ஸ்விட்சைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். விடுமுறையில் நண்பர்கள் கூடி நடத்தும் போக்கிமோன் போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படிக்காமலே வருகிறார்கள். விளையாட்டுக்குப் படிப்பு எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் ஒரு மூவை, அதாவது போக்கிமோன் அந்தச் சுற்றில் செய்யப்போகும் செயலை, தேர்ந்தெடுக்க போட்டி விதியில் 45 விநாடிதான் உண்டு. ஒரு ஆட்டம் முழுதுக்கும் ஒருவருக்கு 7 நிமிடம். அந்த 45 விநாடியில் கணக்குப் போட முடியாது, ஏற்கெனவே போட்ட கணக்கை நினைவுபடுத்த மட்டுமே முடியும். அதனால் இதற்கும் பரீட்சைக்குப் போலவே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது ஏரியல் ஏஸ். பறக்கும் வகையைச் சேர்ந்த சின்ன மூவ். இது ஒன்றைச் சரியாகப் படித்தால் போர்க்கணக்கின் எல்லா அறைகளுக்கும் வாசல் திறக்கும்.

முதலில் பெயர்ச் சிக்கல். நம் ரூபாய்த் தாளில் தமிழ் உண்டு, இந்த விளையாட்டில் தமிழ் கிடையாது. இங்கே பாதிப் பிள்ளைகள் பிரெஞ்சில் ஆடுகிறார்கள், மீதிப் பேர் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் ஏரியல் ஏஸ் என்பது பிரெஞ்சுத் திரையில் அயெரோபிக். சைதர் என்ற போக்கிமோன் அங்கே அன்செக்காத்தேர், டெக்னீஷியன் என்ற திறன் தெக்னிசியன், பிரேவ் பேர்ட் என்ற மூவ் ரப்பாஸ். கணக்கு உதவிப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரில்தான் இருக்கும். ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, உங்கள் அணியின் ஆறு போக்கிமோன், இருபத்துநான்கு மூவ், ஆறு திறன், அவை பிடித்திருக்கும் ஆறு பொருள் எல்லாவற்றுக்கும் இரு பெயரும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வேலை ஒரு மாலைக்குள் முடியும். இதைச் செய்யாதவர்கள் வேறொரு மூவின் எண்ணை மனப்பாடம் செய்து வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

இனி மூவின் அடிப்படை. பலம் 60. பி.பி. (எத்தனை தடவை போடலாம் என்ற எண்) 20, பி.பி. அப் என்ற பொருள் மூன்று கொடுத்தால் 24, 28, 32 என்று ஏறும். உடல் தாக்குதல் என்பதால் அட்டாக் எண்ணைப் பார்க்கும், ஸ்பெஷல் அட்டாக்கைப் பார்க்காது. எதிரியைத் தொடும் மூவ். புல், சண்டை, பூச்சி வகைகளுக்கு இரட்டிப்பு அடி, மின்சாரம், பாறை, எஃகு வகைகளுக்குப் பாதி அடி. பறக்கும் வகையை முழுதாகத் தடுக்கும் வகை எதுவும் இல்லை. அக்யூரசி (குறி படும் சதவீதம்) இருக்கும் இடத்தில் எண்ணே கிடையாது, ஒரு கோடுதான். குறி தப்புமா என்ற சோதனையையே இந்த மூவ் தாண்டிப் போய்விடும். எதிரி டபுள் டீம் போட்டு நழுவல் ஏற்றினாலும், சேண்ட் அட்டாக் போட்டு உங்கள் குறியைக் குறைத்தாலும் இதற்குக் கவலையில்லை.

இது 2002இல் ஜப்பானில் வந்த ரூபி, சஃபையர் என்ற போக்கிமோன் ஆட்டங்களில் அறிமுகமான மூவ். ஃபோர்ட்ரீ நகர ஜிம் தலைவி வினோனாவை வென்றால் டி.எம். (மூவைக் கற்றுக்கொடுக்கும் பொருள்) 40 ஆகக் கிடைத்தது. பிரெஞ்சில் அவர் பெயர் அலிஸே. தென்கிழக்கிலிருந்து நம் தீவுக்கு வருடம் முழுக்க வீசும் காற்றுக்கும் அதே பெயர்தான், எனவே மறக்காது. ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் இது டி.எம். 027. ஜப்பானியப் பெயர் சுபாமே கயேஷி. சசாகி கோஜிரோ என்ற வாள்வீரரின் பேரால் சொல்லப்படும் வாள்வெட்டு அது. சுபாமே என்றால் தகைவிலான், இங்கே நாம் இரோந்தேல் என்று சொல்கிற அதே குருவிக் குடும்பம். சிறகே இல்லாத கலேட் என்ற போக்கிமோன் இதைக் கற்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாள்வெட்டு என்பதுதான் பதில். அது வெறும் கதையும் இல்லை. ஸ்கார்லெட், வயலட்டில் இது வெட்டும் மூவாகக் கணக்கில் வருவதால், வெட்டும் மூவ்களை வலுப்படுத்தும் ஷார்ப்னஸ் திறன் உள்ள கலேட் போட்டால் பலம் ஒன்றரை மடங்கு. (டோடோ பிறந்த மண்ணில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பறவையின் பெயரை நினைவூட்டும் டோட்ரியோவுக்கும் சிறகு இல்லை, ஆனால் ஃப்ளை என்ற பறக்கும் மூவையே அது கற்கும்.)

"தவறாது" என்ற சொல்லை அரைகுறையாகப் படிப்பதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை. எதிரி ப்ரொடெக்ட் என்ற தற்காப்பு மூவைப் போட்டிருந்தால் ஏரியல் ஏஸ் தடைபடும். எதிரி ஃப்ளை போட்டு வானத்திலோ, டிக் போட்டு மண்ணுக்குள்ளோ இருக்கும் அந்தச் சுற்றில் படாது. வானத்தில் இருப்பதை அடிக்க கஸ்ட், தண்டர், ஹரிக்கேன் போன்ற சில மூவ்களால்தான் முடியும். சப்ஸ்டிட்யூட் பொம்மை நின்றால் பொம்மைதான் வாங்கிக்கொள்ளும். ஃபோகஸ் சாஷ் என்ற பொருளைக் கட்டி முழு உயிரோடு நிற்பது ஒரே அடியில் சாகாது, 1 ஹெச்.பி.யோடு (உயிர்ப் புள்ளி) நிற்கும்.

இரண்டாம் பிழை பெரியது. படுவதும் வீழ்த்துவதும் ஒன்று என்று நினைப்பது. இதைப் புரிந்துகொள்ள கையால் கணக்குப் போடத்தான் வேண்டும்.

போட்டியில் எல்லாப் போக்கிமோனும் லெவல் 50. சைதரை எடுங்கள், அடிப்படை அட்டாக் 110. இரு மடங்கு 220, அதோடு ஐ.வி. (பிறவிப் புள்ளி) 31, அதோடு ஈ.வி. (பயிற்சியில் ஏற்றும் புள்ளி) 252இல் நாலில் ஒரு பங்கு 63, மொத்தம் 314. லெவல் 50 என்பதால் பாதி, 157. அதில் 5 கூட்டினால் 162. அட்டாக்கை ஏற்றும் அடமன்ட் இயல்பு என்றால் இப்போது 1.1ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டினால் 178. ஐந்தைக் கூட்டும் முன்பே 1.1ஆல் பெருக்கிவிட்டால் 177 வரும், அது தவறு. ஒரு புள்ளிதானே என்று விடாதீர்கள், எல்லைக்கோட்டில் அந்த ஒரு புள்ளிதான் பேசும்.

எதிரே அமூங்கஸ். புல், விஷம் என்ற இரட்டை வகை. ஹெச்.பி.யில் 252 போட்டால் 221. டிஃபென்ஸில் எதுவும் போடாவிட்டால் 90.

லெவல் 50க்குச் சூத்திரம் எளிது: 22 × பலம் × அட்டாக் ÷ டிஃபென்ஸ், பின்னம் வெட்டு, ÷ 50, பின்னம் வெட்டு, + 2.

சைதருக்கு டெக்னீஷியன் திறன் இருந்தால் பலம் 60 அல்லது அதற்குக் கீழுள்ள மூவ்கள் ஒன்றரை மடங்கு. ஏரியல் ஏஸ் சரியாக 60, எல்லையில் நிற்கிறது, எனவே 90 ஆகிறது. 22 × 90 × 178 என்பது 3,52,440. அதை 90ஆல் வகுத்தால் 3916. 50ஆல் வகுத்து வெட்டினால் 78. இரண்டு கூட்டினால் 80.

இந்த 80ஐ விளையாட்டு 85 முதல் 100 சதவீதம் வரை 16 எண்களில் ஏதோ ஒன்றால் பெருக்கும். 85 விழுந்தால் 68, 100 விழுந்தால் 80. சைதரும் பறக்கும் வகை என்பதால் ஒன்றரை மடங்கு, 102 முதல் 120. இங்கே .5 வந்தால் கீழே இறக்க வேண்டும். பிறகு புல் வகைக்கு இரட்டிப்பு, 204 முதல் 240. அமூங்கஸின் உயிர் 221. 92 விழுந்தால் 80 என்பது 73 ஆகி, 109 ஆகி, 218இல் நிற்கும், அமூங்கஸ் பிழைக்கும். 93 விழுந்தால் 74, 111, 222, விழுந்துவிடும். 93 முதல் 100 வரை எட்டு எண்கள். ஆகப் பதினாறில் எட்டு, சரிபாதி.

அதாவது "தவறவே தவறாத" மூவைப் போட்டும், எதிரி விழும் வாய்ப்பு பூவா தலையா அளவுதான். ஒரு காலி பிஸ்கட் டின்னில் 85 முதல் 100 வரை எழுதிய பதினாறு சீட்டுகளைப் போட்டு, இருபது தடவை எடுத்துத் திரும்பப் போட்டுக் குறித்துப் பாருங்கள். 50 சதவீதம் என்றால் தொடர்ந்து நாலு தடவைகூடக் கைவிடும் என்பது விரல்களுக்குத் தெரிய வேண்டும். கணினிக் கணிப்பானில் எண்ணைப் பார்ப்பதைவிட இது மனதில் நிற்கிறது.

இப்போது பக்கத்தில் டூயல் விங்பீட்டை வையுங்கள், சைதர் இதையும் கற்கும். பலம் 40, இரண்டு முறை அடிக்கும், அக்யூரசி 90. டெக்னீஷியன் ஒவ்வொரு அடியையும் 60 ஆக்கும். அதே சூத்திரத்தில் 80க்குப் பதில் 54 வரும், ஓர் அடி 134 முதல் 162. இரண்டும் சேர்ந்தால் குறைந்தது 268. பட்டால் அமூங்கஸ் கட்டாயம் விழும், படும் வாய்ப்பு 90 சதவீதம். ஒருபுறம் தவறக்கூடிய மூவ் 90 சதவீதம் வீழ்த்துகிறது, மறுபுறம் தவறாத மூவ் 50 சதவீதம். நோட்டில் இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு அதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படுவதில்லை.

அப்படியானால் ஏரியல் ஏஸை விட்டுவிடலாமா? இல்லை, நிலைமை மாறும்போது விடையும் மாறும். எதிரி நழுவலை ஒரு படி ஏற்றினால் டூயல் விங்பீட்டின் 90 முக்கால் பங்காகி 67.5. இரண்டு படியில் 54. மூன்று படியில் 45, இப்போது ஏரியல் ஏஸின் 50 முந்திவிட்டது. அடுத்து டெரா, அதாவது போரின் நடுவே போக்கிமோனின் வகையை மாற்றுவது. சைதரைப் பறக்கும் டெராவாக மாற்றினால் ஒன்றரை மடங்கு இரண்டு மடங்காகும். கணக்கு 272 முதல் 320. அமூங்கஸ் நூற்றுக்கு நூறு விழும், அங்கே ஏரியல் ஏஸ்தான் சரியான விடை. ஆனால் எதிரி அமூங்கஸை எஃகு டெராவாக மாற்றிவிட்டால், உங்கள் டெரா இல்லாத அடி 51 முதல் 60, வெறும் கீறல். டெரா எதுவும் இல்லாமல், பறக்கும் அடியைப் பாதியாக்கும் கோபா பெர்ரி அமூங்கஸிடம் இருந்தால் 102 முதல் 120.

எதிரி பிடித்திருக்கும் ராக்கி ஹெல்மெட் என்ற பொருள் இன்னொரு பொறி. தொடும் ஒவ்வோர் அடிக்கும் தொட்டவரின் முழு உயிரில் ஆறில் ஒன்றைப் பறிக்கும். ஹெச்.பி.யில் ஈ.வி. போடாத சைதருக்கு உயிர் 145. ஏரியல் ஏஸ் போட்டால் 24 போகும். டூயல் விங்பீட் இரண்டு முறை தொடும், 48 போகும். சைதரின் உயிர் 40இல் நிற்கும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் அமூங்கஸோடு சைதரும் விழும். ஃப்ளேம் பாடி திறன் உள்ளதைத் தொட்டால் 30 சதவீதம் தீக்காயம், பிறகு உடல் தாக்குதல் எல்லாம் பாதி.

எதிரியின் அட்டாக்கைக் குறைக்கும் இன்டிமிடேட் திறனை ஒரு முறை வாங்கினால் 178 என்பது 118 ஆகிவிடும். அப்போது மொத்த அடி 134 முதல் 158, இரண்டு தடவை அடிக்க வேண்டும். டிஃபென்ஸ் முழுதும் ஏற்றிய போல்ட் இயல்பு அமூங்கஸுக்கு டிஃபென்ஸ் 134. அதற்கு 134 முதல் 162, அங்கும் இரண்டு அடி. வேகத்தில் சைதர் மிகவும் முந்தும், ஆனால் மெதுவானதை முந்த வைக்கும் ட்ரிக் ரூம் மூவைப் போட்டுவிட்டால் அமூங்கஸ் முதலில் நகர்ந்து ஸ்போர் போட்டுத் தூங்க வைத்துவிடும். அப்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

டெக்னீஷியனோ ஷார்ப்னஸோ இல்லாத போக்கிமோனுக்கு ஏரியல் ஏஸ் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெறும் 60 போதாது. உடல் தாக்குதல் என்றால் பிரேவ் பேர்ட், பலம் 120, அக்யூரசி 100, ஆனால் கொடுத்த அடியில் மூன்றில் ஒன்று தனக்கே திரும்பும். ஸ்பெஷல் என்றால் ஏர் ஸ்லாஷ், பலம் 75, அக்யூரசி 95, 30 சதவீதம் எதிரியை நடுங்க வைக்கும். செரீன் கிரேஸ் திறன் கொண்ட டோகெகிஸ் போட்டால் நடுக்கம் 60, குறி தப்புவதையும் சேர்த்தால் 57. ஹரிக்கேன் பலம் 110, அக்யூரசி 70, மழையில் தவறாது, வெயிலில் 50. சூறாவளி எச்சரிக்கை மூன்று வரை ஏறி, கடைசியில் காற்று வேறு பக்கம் விலகிப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 70 சதவீதம் என்றால் என்னவென்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

படிக்கும் முறை பற்றிக் கொஞ்சம். தினம் மூன்று கணக்குக்கு மேல் வேண்டாம். ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி போர்ட் லூயிஸில் இறங்குவதற்குள் ஒரு கணக்கைக் கையால் முடிக்கலாம். முதல் வாரம் கணிப்பானைத் தொடாதீர்கள். இரண்டாம் வாரம் கணிப்பானோடு ஒப்பிட்டு, எண் மாறினால் எந்தப் படியில் பின்னத்தை வெட்ட மறந்தீர்கள் என்று தேடுங்கள். பத்தில் எட்டுப் பிழை, பின்னத்தைக் கடைசியில் ஒரேயடியாக வெட்டுவதால்தான் வருகிறது. மீதியில் பெரும்பாலானவை ஈ.வி.யில். லெவல் 50இல் முதல் 4 ஈ.வி.க்கு ஒரு புள்ளி, அதற்குப் பிறகு ஒவ்வொரு 8க்கும் ஒரு புள்ளி. 252க்கு 32 புள்ளி. 250 போட்டால் 31தான் கிடைக்கும். வட்டமான எண் என்று 250இல் நிறுத்தும் பிள்ளைகள் நிறைய.

மூன்றாம் வாரம் ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்து, அவர் எதிரியின் பெயர், பொருள், டெரா மூன்றையும் சொல்ல, நீங்கள் 45 விநாடிக்குள் "கட்டாயம் விழும்", "பாதி", "இரண்டு அடி" என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிப் பழகுங்கள். எண் சொல்ல வேண்டியதில்லை. கைக்கடிகாரம் மேசைமேல் இருக்கட்டும். பத்துக்கு ஏழு சரியாக வந்த பிறகு அடுத்த மூவுக்குப் போங்கள், அதற்கு முன் வேண்டாம்.