வலி மரக்க வேண்டும், கால் தளரக் கூடாது

மார்ச் 11, செவ்வாய்

குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த 70 வயது அம்மையார் ஒருவருக்கு நாளை இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மயக்க மருந்து என் பொறுப்பு. "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி நிக்காதுன்னு சொல்றாங்களே, டாக்டர்?" என்றார். நீடித்த முதுகுவலிக்கு அந்த ஊசி காரணமல்ல என்று விளக்கினேன், பாதி நம்பினார். இதயத்துக்காக ஆஸ்பிரின் மட்டுமே சாப்பிடுகிறார் என்பதால், இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் அந்த முதுகு ஊசிக்குத் தடையில்லை. இரத்தம் உறைவதை இன்னும் வலுவாகத் தடுக்கும் குளோபிடோகிரெல்லாக இருந்திருந்தால், தண்டுவடத்தருகே இரத்தம் கட்டும் அபாயத்துக்காக 5 முதல் 7 நாள் காத்திருப்பதா, முழு மயக்கத்தில் உடனே செய்வதா என்ற சங்கடம் எழுந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

முறிந்த இடுப்போடு ஒருவரை உட்காரச் சொல்வது கொடுமை. ஆகவே முதலில், இடுப்பு மூட்டுக்கு வரும் நரம்புகளை மட்டும் மரக்கச் செய்யும் 'பெங் பிளாக்' (PENG) ஊசியைக் கொடுத்தேன். டொராண்டோ மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட இம்முறையில், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே தொடையை மடக்கும் சோவாஸ் தசையின் நாணுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே 20 மி.லி. மரப்பு மருந்தைச் செலுத்துகிறோம்; மூட்டின் முன்பக்க உறைக்கு வரும் நரம்புக் கிளைகள் மரத்துப்போகின்றன. தொடை நரம்பையே மரக்கச் செய்தாலும் வலி குறையும்தான், ஆனால் முழங்காலை நீட்டும் தசையும் சேர்ந்து தளர்ந்து, நடக்க எழுந்தவர் மடங்கி விழக்கூடும்.

சற்று நேரத்தில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். மெல்லிய 25 எண் ஊசியால் முதுகில் பியூபிவக்கைன் என்ற மரப்பு மருந்தைக் கொடுத்தேன். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் இம்முறையைத் தொடங்கிய ஆகஸ்ட் பீர், தன் முதுகிலேயே ஊசி குத்தச் செய்து, பல நாள் தலைவலியோடு படுத்திருந்தார். அத்தலைவலி இன்று அரிதாகியிருப்பதற்கு ஊசி இவ்வளவு மெல்லியதாக இருப்பதும் ஒரு காரணம்.

முதுகு ஊசியோடு மார்ஃபின் சேர்க்கவில்லை. அரிப்பு, வாந்தி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைச் சமாளிக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் கழிந்து மூச்சு மந்தமாவதைக் கண்காணிக்க, இரவு வார்டில் போதிய செவிலியர் வேண்டும். பெங் எட்டாத தோல், தசைப் பகுதிகளில் அறுவை மருத்துவரே மரப்பு மருந்து செலுத்தினார். இருவரும் கொடுத்தது சேர்ந்து எடைக்குரிய உச்ச அளவைத் தாண்டாதபடி முன்பே கணக்கிட்டிருந்தோம்.

மார்ச் 13, வியாழன்

கேட்டால் மட்டும் கொடுப்பது என்றில்லாமல், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் 1 கிராம் தவறாமல் போனதால், முதுகு ஊசி தெளிந்த பிறகும் இரவு அமைதியாகவே கழிந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாக இருந்ததால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தவிர்த்தேன். காலையில் வாக்கர் பிடித்து எழுந்தபோது முழங்கால் உறுதியாக நின்றது. "படுத்தா ஒண்ணுமில்ல, எழுந்தா பின்னால இழுக்குது" என்றார். பெங் மூட்டின் பின்பக்கத்தை எட்டாது என்பதால் இது எதிர்பார்த்ததே. நாளை காலை வேளை பாராசிட்டமாலை, பிசியோதெரபிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அமையும்படி மாற்றி எழுதியிருக்கிறேன்.