50 மில்லிடெஸ்லா எம்.ஆர்.ஐ.: காந்தத்தைவிட இரைச்சல்தான் பெரிய வேலை

எம்.ஆர்.ஐ. ஏன் இவ்வளவு விலை என்றால் பலரும் காந்தத்தைத்தான் காட்டுவார்கள். 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு) கருவியின் மீக்கடத்துச் சுருளை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் சுருளை, 4 கெல்வினில் வைத்திருக்கத் திரவ ஹீலியம் வேண்டும். இரைச்சல், அதாவது சிக்னலில் கலக்கும் வெளி ரேடியோ அலைகள், நுழையாமலிருக்கச் செம்புத் தகடு வேய்ந்த அறையும் வேண்டும். காந்தத்துக்கு இப்போது நல்ல மாற்று இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், 12 மி.மீ. நியோடிமியம் கட்டைகள் ஏறக்குறைய 3,000-ஐ ஹால்பாக் முறையில் (புலம் உள்பக்கம் குவியும்படி துருவங்களைத் திருப்பித் திருப்பி வைப்பது) வளையங்களாக அடுக்கி, தலை நுழையும் 27 செ.மீ. துளைக்குள் 50 மில்லிடெஸ்லா புலம் உண்டாக்கினார்கள். இந்தக் காந்தத்துக்குக் குளிரூட்டலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 2022-இல் இதே வகைக் கருவியை உகாண்டாவின் ம்பராராவில் உதிரிபாகங்களிலிருந்து 11 நாளில் பூட்டினார்கள். குழந்தைகளின் மூளையில் நீர் தேங்குவதைப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம்.

இப்படி ஒரு கருவியை நீங்களே பூட்டினால், வளையம் கோர்க்கும்போது ஒரு கட்டை திரும்பி உட்கார்ந்தாலும் அந்தப் பக்கத்துப் புலம் கெட்டுவிடும். ஆகவே மூடுமுன் ஒவ்வொன்றிலும் துருவம் பாருங்கள். பசையை நம்பாமல் மூடித் தகடு வைத்துப் பித்தளைத் திருகால் இறுக்குங்கள். பிய்த்துக்கொண்ட கட்டை விரலை நசுக்கிவிடும். பிறகு காந்தப்புலம் அளக்கும் ஹால் சென்சாரைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் புலத்தை அளந்து, சிறு காந்தங்கள் சேர்த்துச் சீராக்க வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. நியோடிமியத்தின் வலு 1 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.12% குறையும். 50 மில்லிடெஸ்லாவில் உடலிலிருந்து வரும் சிக்னலின் அதிர்வெண் 2.13 மெகாஹெர்ட்ஸ், ஆகவே ஒரு டிகிரி ஏறினால் அது ஏறத்தாழ 2.5 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில் 128 பிக்சல் எடுத்தால், படம் 16 பிக்சல் நகர்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்பு அதிர்வெண்ணைப் புதிதாக அளந்தே ஆகவேண்டும். சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்துக்காட்டப் புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கிரேடியன்ட் காயிலின் சூடு காந்தத்துக்கு ஏறாமல் இடைவெளியும் விடுங்கள்.

இதையெல்லாம் முடித்தபின்தான் உண்மையான மல்லுக்கட்டு. 2 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, கிரேடியன்ட் பெருக்கி எல்லாமே கத்தும்; படத்தில் கோடு கோடாக விழும். சிக்னலைப் பிடிக்கும் காயிலைக் கழற்றி, அதன் இடத்தில் 50 ஓம் மின்தடையை மாட்டி இரைச்சலை அளந்து பாருங்கள். அதுதான் அடிமட்டம். அடுத்து வெறும் காயில், அதன்பின் ஆள் படுத்த நிலையில் காயில். மின்தடையிலேயே அளவு கூடுதலாக இருந்தால் மின்வழங்கியையும் முன்பெருக்கியையும் (மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் சுற்று) பாருங்கள். வெறும் காயிலில் எகிறினால், ரேடியோ அலைகளைத் தடுக்கக் கருவியைச் சுற்றியுள்ள உலோக உறையில் ஓட்டை. ஆள் படுத்ததும் எகிறினால் உடம்பே ஆன்டெனா ஆகிவிட்டது: மின்கடத்தும் துணியைப் போர்த்தி, அதை உறையின் எர்த்தோடு ஒரே புள்ளியில் இணையுங்கள். இரண்டு இடத்தில் இணைத்தால் எர்த் லூப் உருவாகி வேறு இரைச்சல் கிளம்பும்.

சிக்னல் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இரைச்சலுக்கு எதிரே அதை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நேரம் ஸ்கேன் செய்ய வேண்டும். அதனால் சில மி.மீ. அளவுக்குக் கீழே துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். மூளை அறைகள் வீங்கியிருப்பது தெரியும். சின்னஞ்சிறு பக்கவாதப் புள்ளி தப்பிவிடலாம். படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று எழுதிக்கொடுப்பது ஆபத்து.

கருவி வரும்போதே சுற்றுப்படமும், முன்பெருக்கி ஒன்றும், அனுப்பு–ஏற்பு ஸ்விட்சுக்கான (அனுப்பும் வலுவான துடிப்பு முன்பெருக்கிக்குள் போகாமல் தடுப்பது) டயோடுகளும் கையிருப்பாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஸ்விட்ச் பழுதானால் அடுத்த துடிப்பிலேயே முன்பெருக்கி கருகிப்போகும்.