பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை

மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போய்விட்டு மறுநாள் மத்தியானம் மதுரைக்குத் திரும்பி வந்தால், வாசல் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. அப்பா காலத்தில் திண்டுக்கல்லில் வாங்கிய மாங்காய்ப் பூட்டு, கையில் எடுத்தால் அரைக் கிலோ தேறும், அதில் ஒரு கீறல்கூட இல்லை. நிலையில் நாதாங்கியைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூக்கள்தான் வேரோடு வந்திருந்தன. கீழே கிடந்த ஒன்றை எடுத்து அளந்து பார்த்தேன், முக்கால் அங்குலம்.

போனது பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு வெள்ளி விளக்கும் அம்மாவின் பழைய செல்போனும்தான். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆனால் அந்த முக்கால் அங்குல ஸ்க்ரூ என் மனசைவிட்டுப் போகவே இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அதற்கு முழுத் தகுதியும் உண்டு. அப்பேர்ப்பட்ட பூட்டை வாங்கி, அதை ரெண்டு ரூபாய் ஸ்க்ரூவில் தொங்கவிட்டிருக்கிறோம். திருட வந்தவன் பூட்டோடு மல்லுக்கட்டவே இல்லை. கொண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு, அவ்வளவுதான்.

சரி, கதவையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம். எப்படியும் அது மாற்ற வேண்டிய கதவுதான். எங்களுடையது மேற்குப் பார்த்த வாசல். சித்திரை, வைகாசியில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராகக் கதவில்தான் விழும். நாலு மணிக்குக் கைப்பிடியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடும். ஆடி வந்தால் அதே திசையிலிருந்து காற்று, கதவுக்கடியில் புகுந்து ஹால் முழுக்க மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்கள் வீட்டு மிதியடி பறந்திருக்கிறது. ஆக, திருடன், வெயில், காற்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு கதவு வேண்டும்.

முதலில் போனது ஸ்டீல் கதவுக் கடைக்கு. பார்க்க அச்சு அசல் தேக்கு மாதிரியே இருக்கிறது, வேர்ச்சுழி வரைக்கும் அச்சடித்திருக்கிறார்கள். கதவோடு நிலையும் சேர்ந்து வருகிறது, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நாக்கு நீளும் பூட்டு, கரையான் பயம் இல்லை, மழையில் உப்பாது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். விலை குறைந்த கதவுகளுக்கு உள்ளே தேன்கூடு மாதிரி மடித்த அட்டைதான் இருக்கும், தட்டினால் தகர டப்பா சத்தம் வரும். நல்ல கதவுகளில் பஃப் என்கிற கெட்டி நுரையோ, ராக்வூல் என்கிற கல்நார்ப் பஞ்சு மாதிரியான கனிமப் பஞ்சோ அடைத்திருப்பார்கள், சத்தம் அடங்கிக் கேட்கும். தகடு எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள். கேட்டதும் விற்பவர் முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

ஆனால் ஸ்டீல் கதவென்றால் நிலையைப் பெயர்க்க வேண்டும். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததுமே அம்மா, "நிலைக்குக் கீழ நவதானியமும் காசும் போட்டு, உங்கப்பா கையால வச்ச நிலைடா அது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அதுவுமில்லாமல் எங்கள் நிலை வேங்கை மரம், ஆறுக்கு நாலு அங்குலம், நாலு பக்கமும் சட்டம் உள்ளது. இப்போது கட்டும் வீடுகளில் கீழ்ச்சட்டத்தை விட்டுவிட்டு கிரானைட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், நடக்கும்போது தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் கதவு போய் ஒட்டி நிற்க அந்த வாசப்படி மரத்தைவிட நல்ல அணை கிடையாது, காற்றையும் தூசியையும் பூரானையும் நிறுத்துவது அதுதான்.

நிலை இருக்கட்டும், கதவை மட்டும் தேக்கில் செய்யலாம் என்று செங்கோட்டைக்குப் போனோம். அங்கே மரக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. கூடவே எங்கள் ஆசாரியண்ணனையும் கூட்டிப்போனேன், அவர் இல்லாமல் போயிருந்தால் கட்டாயம் ஏமாந்திருப்பேன். தேக்கு என்ற ஒரே பெயரில் அங்கே பத்து விதம் இருக்கிறது. நிலம்பூர், பர்மா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பலகையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தா பாருங்க, இந்த ஓரத்துல ரெண்டு விரக்கடைக்கு வெளுத்திருக்கு பாத்தீங்களா? இது வெள்ளை. பாலீஷ் போட்டா தெரியாது. கரையானுக்கு நல்லாத் தெரியும்."

வைரம் பாய்ந்த கட்டை என்று ஆட்களைச் சொல்கிறோமே, அந்த வைரம்தான் மரத்தின் நடுப்பகுதி. தேக்கின் எண்ணெய்ச் சத்தெல்லாம் அதில்தான், கரையான் அண்டாததற்கும் மழைக்கு உப்பாததற்கும் காரணம் அதுதான். எந்த நாட்டு மரம் என்பதைவிட வெள்ளை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. கணக்கு சொல்கிறேன்: ஏழு அடிக்கு மூன்றேகால் அடி, ஒன்றரை அங்குல கனம் என்றால் கதவு மட்டும் 2.84 கன அடி. கழிவையும் சேர்த்தால் மூன்றரை. இதற்கு மேல் யாராவது கணக்குச் சொன்னால் உட்கார்ந்து பேச வேண்டும்.

சிற்பவேலை உள்ள கதவுதான் வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை, யானை, அன்னம், கஜலட்சுமி எல்லாம் வைத்து. ஆசாரியண்ணன் மறுக்கவில்லை, செய்து வைத்திருந்த ஒரு கதவை மட்டும் திருப்பிக் காட்டினார். சட்டம் ஒன்றரை அங்குலம் இருக்கும், நடுவில் உள்ள பலகை சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் அரை அங்குலம்கூடத் தேறாது. "ஓங்கி ரெண்டு மிதி மிதிச்சா பலக உள்ள வந்துரும், சட்டம் மட்டும் நிக்கும்." வெயில் சூடு உள்ளே இறங்குவதும் அந்த மெல்லிய இடத்தில்தான். கடைசியில் பலகையையும் முழுக் கனத்தில் போட்டு, மேல் கட்டத்தில் மட்டும் ஒரு சின்னப் பூவேலை என்று சமாதானம் ஆனோம். வாசலுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வைக்கிற யோசனையும் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

கீல் மூன்றுக்குப் பதில் நாலு, ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம். பூட்டில்தான் கொஞ்சம் வாக்குவாதம். கதவின் சட்டத்தைக் குடைந்து உள்ளே இறக்குகிற பூட்டு பார்க்க அழகு. ஆனால் ஒன்றரை அங்குல சட்டத்தில் முக்கால் அங்குலத்தைக் குடைந்துவிட்டால் மிச்சம் இருக்கும் மரம் எவ்வளவு? அதனால் உட்புறமாக மேலே பொருத்துகிற, மூன்று நாக்கு உள்ள பூட்டை எடுத்தோம். வெளியே சாவித் துவாரம் மட்டும்தான் தெரியும். இதில் இன்னொரு நன்மை, பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவித்த மாதிரி, இதில் அந்த அறிவிப்பு கிடையாது. கைரேகைப் பூட்டை மச்சினன் சிபாரிசு செய்தான். ரேஷன் கடையிலேயே அம்மாவின் ரேகை நாலு தடவை வைத்தால்தான் விழுகிறது, வாசலில் நிறுத்தி வைத்து அதே வேடிக்கையைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

முக்கால் அங்குல ஸ்க்ரூவுக்குப் பழிவாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டின் நாக்குகள் போய் விழும் இடத்தில், நிலையின் உட்புறம் ஒன்றரை அடி நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இரும்புப் பட்டையைப் பதித்து, அதற்கு மூன்றங்குல ஸ்க்ரூ போட்டோம்.  மொத்த வேலையிலும் ஆகக் குறைந்த செலவு இதற்குத்தான்.

இனி கரண்ட் விஷயம். நுரை அடைத்த கதவு போட்டால் ஏசி செலவு பாதியாகும் என்று ஸ்டீல் கதவுக் கடையில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வெளியே 40 டிகிரி, ஹாலில் 26 என்றால், ஒன்றரை அங்குலத் தேக்குக் கதவு வழியாக உள்ளே வரும் சூடு 75 வாட்டை ஒட்டி வருகிறது, ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் அளவு. நுரை, தேக்கைவிட ஆறேழு மடங்கு நன்றாகச் சூட்டைத் தடுக்கும், அதனால் அந்த 75 இன்னும் நன்றாகவே குறையும். ஆனால் ஒன்றரை டன் ஏசி வெளியே தள்ளுவது ஐயாயிரம் வாட்டுக்கு மேல். இதில் ஐம்பது வாட்டை மிச்சம் பிடித்து என்ன செய்ய, சூடு பெரும்பாலும் மொட்டை மாடியிலிருந்து அல்லவா இறங்குகிறது!

கதவில் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, வெயில் நேராக விழும்போது மேலே சொன்ன கணக்கு செல்லாது, கதவின் வெளிப்பக்கம் காற்றைவிட ரொம்ப அதிகமாகச் சூடேறிவிடும், அதிலும் கருப்பு கலந்த பாலீஷ் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்கு மருந்து வெளியே ஒரு மூங்கில் தட்டி. மத்தியானம் இறக்கிவிட்டு ஆறு மணிக்குச் சுருட்டிவிடுகிறோம். வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்த காலம் இருந்தது, வாசனை வேண்டும் என்பவர்கள் அதைக் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சந்து. எங்கள் பழைய கதவு 39 அங்குல அகலம், அடியில் அரை அங்குலம் தேய்ந்து போயிருந்தது. பெருக்கினால் பத்தொன்பதரை சதுர அங்குலம். சுவரில் ஒரு சின்னச் சொம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு ஏசி போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். புதுக் கதவுக்கு நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் பீடிங், அடியில் வாசப்படியைத் தொடுகிற மாதிரி ஒரு ரப்பர் பட்டை. சோதிக்க ஊதுபத்தி போதும், கதவைச் சாத்திவிட்டு ஓரமாகக் காட்டிக்கொண்டே வாருங்கள், புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. எங்களுக்கு மேல் மூலையில் வளைந்தது, கீலைத் தளர்த்தி மறுபடி முடுக்கியதும் நேராகிவிட்டது. கதவு செய்த கையோடு மரம் கொஞ்சம் அசையும், அதனால் பீடிங்கை ஒரு மாதம் கழித்து ஒட்டுவது நல்லது என்றார் ஆசாரியண்ணன், அவர் பேச்சைக் கேட்டோம்.

இதெல்லாம் பகலுக்கு. சாயங்காலம் வெளியே காற்று வர ஆரம்பித்த பிறகும் வீட்டைச் சாத்தி வைத்து ஏசி போடுகிறோமே, அங்கேதான் யூனிட் ஓடுகிறது. இரண்டு மாத ரீடிங் ஐந்நூறைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு என்பது மின்வாரியத்துக்குப் பணம் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். கதவைத் திறந்து போடலாம்தான், ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா ஏழு மணிக்கே தாழ்ப்பாள் போட ஆரம்பித்துவிட்டார்கள், கொசு வேறு. அதனால் எங்கள் வீட்டில் கரண்டை மிச்சம் பிடிக்கும் கதவு எது என்று கேட்டால் தேக்குக் கதவைக் காட்ட மாட்டேன், அதற்கு வெளியே இருக்கும் கிரில் கதவைத்தான் காட்டுவேன்.

தெருமுனை வெல்டிங் பட்டறையில் அடித்தது. 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, நாலங்குல இடைவெளி, உட்பக்கம் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல் கொசுவலை. நைலான் வலையாக இருந்தால் பிளேடால் ஒரு கிழி கிழித்துக் கையை உள்ளே விட்டுவிடலாம். வெளியே திறக்கும் கதவென்பதால் கீலும் வெளியேதான் இருக்கும், ஆணியை உருவிக் கதவைக் கழற்றிவிட முடியும். அதனால் கீல் ஆணியின் இரண்டு முனையிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், சொன்னால்தான் வைப்பார்கள். பூட்டைச் சுற்றி ஒரு அடிக்கு இரும்புத் தகடு, கம்பி வழியாகக் கை விட்டாலும் உள்தாழ்ப்பாள் எட்டக் கூடாது. எங்களுக்கு முதலில் அடித்துக் கொடுத்ததில் எட்டியது. எங்கள் ஏழு வயதுப் பெண் வெளியே நின்று சர்வ சாதாரணமாகத் திறந்து காட்டினாள், திருப்பி அனுப்பித் தகடு வைத்து வாங்கினோம். சாவியை உள்ளே ஒரு ஆணியில் எப்போதும் மாட்டி வைத்திருக்கிறோம், நெருப்பு அது இதென்றால் இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வைகாசியில் மாட்டியது. இப்போது ஆடி. ஏழு மணிக்கு மரக்கதவைத் திறந்து கிரில்லைப் பூட்டிவிடுகிறோம், பின்கட்டு ஜன்னலையும் திறந்தால் காற்று நேராக ஓடுகிறது. ஏசி பத்து மணிக்கு மேல், அதுவும் படுக்கையறையில் மட்டும். கொசுவலை காற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்தத்தான் செய்கிறது, வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் இன்னும் மோசம். வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க முடியவில்லை, எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று அம்மாவுக்குக் குறை. இருந்தாலும் நாற்காலியை அங்கேதான் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்த மாங்காய்ப் பூட்டு இப்போது மொட்டை மாடிக் கதவில் தொங்குகிறது. இந்தத் தடவை கொண்டியையும் நாதாங்கியையும் போல்ட் போட்டு, பின்னால் நட்டை முடுக்கியிருக்கிறேன்.